பவளத்திட்டைக் கண்காணிக்க எந்தப் படம் எடுப்பது? சட்டகம், வீடியோ, முப்பரிமாண மாதிரி, டிரோன்: ஓர் ஒப்பீடு

ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து மூன்று விதமாக வந்திருக்கிறது. மொரீஷியஸில் மஹேபூர் பக்கம் ஒரு கோவில் இளைஞர் அணியினர், "லகூனில் (திட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள ஆழமற்ற கடலில்) பவளம் வெளிறிக்கொண்டே போகிறது, நாங்களே படமெடுத்துப் பதிவு வைக்கலாம் என்றிருக்கிறோம், கோப்ரோ கேமரா வாங்கலாமா, டிரோன் வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஃபிளிக்-என்-ஃபிளாக்கில் டைவிங் சொல்லிக்கொடுக்கும் தம்பி ஒருவருக்கு, திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கும் முப்பரிமாணப் பவள மாதிரி வேண்டுமாம். ரெதுயி பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதும் மாணவிக்கு வழிகாட்டி வீடியோ போதும் என்கிறார், சீனியர் அக்கா கடலடியில் சதுரச் சட்டகம் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறார்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸில் இப்படித் தொடங்கும் குழுக்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாதாரண சட்டகப் படமே போதும் என்பது என் கட்சி. ஆனால் அது எல்லாக் கேள்விக்கும் பதில் தராது. சில இடங்களில் அதை வைத்தால் பவளமே உடையும். அதனால் வரிசையாகப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

கேமரா கடைக்குப் போவதற்கு முன் தீர்க்க வேண்டியது, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பது. கடலடியில் உயிருள்ள பவளம் எத்தனை சதவீதம் என்பது ஒரு கேள்வி. நட்ட பவளக் கிளை பிழைத்ததா, எவ்வளவு வளர்ந்தது என்பது வேறு. எங்கே பவளம், எங்கே மணல், எங்கே கடல்புல் என்று லகூனுக்கு வரைபடம் போடுவது மூன்றாவது. இந்தக் கோடையில் கடல்நீர் சூட்டில் பவளம் நிறமிழந்து வெளிறுகிறதா என்பது நான்காவது. ஒரே கருவி நான்குக்கும் பதில் சொல்லும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது அளவு. உருண்டையாக வளரும் பொரைட்டஸ் வகைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கிளைவிடும் அக்ரோபோரா நல்ல சூழலில் பத்து சென்டிமீட்டரையும் தாண்டும். மறுபக்கம், இந்தத் தீவைச் சுற்றியுள்ள பவளத்திட்டின் நீளம் சுமார் 150 கிலோமீட்டர், அது அணைத்து வைத்திருக்கும் லகூன் சுமார் 243 சதுர கிலோமீட்டர். சென்டிமீட்டரைப் பார்க்கும் முறையால் லகூன் முழுவதையும் பார்க்க முடியாது. லகூனைப் பார்க்கும் முறைக்குச் சென்டிமீட்டர் தெரியாது.

மூன்றாவது, அதே இடத்துக்குத் திரும்ப முடியுமா என்பது. கண்காணிப்பு என்றாலே இரண்டாவது தடவை போவதுதான். முதல் தடவை எடுப்பது வெறும் பதிவு.

நான்காவதைத்தான் யாரும் கேட்பதில்லை: கரைக்கு வந்த பிறகு ஆகும் நேரம். தண்ணீருக்குள் ஒரு மணி நேரம் இருந்தால் மேசையில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும்? யார் உட்காரப் போகிறார்கள்? இதற்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாத குழுவின் படங்கள் ஹார்டு டிஸ்க்கிலேயே தூங்கும்.

அப்புறம் பணம், காற்று, அனுமதி. பணத்தில் வாங்கும் செலவோடு படகு, எரிபொருள், சேமிப்பு எல்லாம் சேரும். காற்று என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து ஓயாமல் அடிப்பது. கிழக்குக் கரைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புளூ பே, பலாக்லாவா ஆகிய இரண்டு கடல் பூங்காக்களிலும் இடத்தை அடையாளம் வைக்கக் கம்பி அடிப்பது, சட்டகம் வைப்பது எதுவானாலும் மீன்வள அமைச்சகத்திடம் எழுதிக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

## ஒரு பார்வையில்

| | சட்டகப் படம் | வீடியோ | முப்பரிமாண மாதிரி | டிரோன் | செயற்கைக்கோள் |
|---|---|---|---|---|---|
| எதற்கு நல்லது | உயிர்ப்பவளச் சதவீதம் | வேகமான பதிவு, ஆழம், நீரோட்டம் | வளர்ச்சி, உடைவு, நட்ட பவளம் | லகூன் வரைபடம் | தீவு அளவு வரைபடம், வெப்ப எச்சரிக்கை |
| தெரியும் நுணுக்கம் | சென்டிமீட்டருக்கும் கீழே | சென்டிமீட்டர் | சென்டிமீட்டருக்கும் கீழே | சில சென்டிமீட்டர், நீர் தெளிவாக இருந்தால் | 10 மீட்டர் (சென்டினல்-2) |
| தொடக்கச் செலவு | குறைவு | குறைவு | நடுத்தரம் முதல் அதிகம் | நடுத்தரம் | இல்லை |
| கரை நேரம் | அதிகம், பழகினால் குறையும் | அதிகம் | மிக அதிகம், பாதி கணினியின் வேலை | நடுத்தரம் | கற்கும் நேரம் மட்டும் |
| பெரிய எதிரி | கிளைப்பவளக் காடு | மங்கல் | ஆடும் உயிர்கள், ஆடும் ஒளி | காற்று, சூரியப் பளபளப்பு | மேகம், ஆழம் |

அட்டவணை சொல்லாததுதான் கீழே வருகிறது.

## எல்லாருக்கும் பொதுவான தொல்லை: நிறம்

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து மீட்டருக்குள்ளேயே அதில் பெரும்பகுதி போய்விடும், பத்து மீட்டரில் எல்லாம் நீலப் பச்சை. பவளம் வெளிறிவிட்டதா என்பது நிறத்தை வைத்துச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் இதை அலட்சியப்படுத்த முடியாது. எந்த முறை எடுத்தாலும் சாம்பல் நிற அட்டை ஒன்றை முதல் படத்தில் வைத்து எடுங்கள். பிறகு கணினியில் அதை வைத்து எல்லாப் படத்தையும் சரிசெய்யலாம். கேமராவின் தானியங்கி வண்ணத்தை நம்பினால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வந்து நிற்கும்.

வெளிறல் மட்டும்தான் உங்கள் கேள்வி என்றால் இன்னும் மலிவான வழி இருக்கிறது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டம் நிற அட்டை ஒன்று வைத்திருக்கிறது. வெளிர் நிறம் 1, அடர் நிறம் 6. அட்டையைப் பவளத்தின் பக்கத்தில் பிடித்து எந்த எண்ணுக்கு ஒத்துப்போகிறது என்று பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். அட்டையும் பவளமும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து வைத்தால், குறித்த எண்ணில் சந்தேகம் வரும்போது சரிபார்க்கலாம். ஸ்நார்கல் தெரிந்த பள்ளிப் பிள்ளைகளே செய்யக்கூடியது.

## சட்டகப் படம்

பிவிசி குழாயில் அரை மீட்டர் அல்லது ஒரு மீட்டர் சதுரம். அதிலிருந்து நான்கு கால்கள் மேலே எழுந்து கேமராவைத் தாங்கும். அளவு நாடா ஒன்றைக் கடலடியில் விரித்து, மீட்டருக்கு ஒரு படம் என்று நேர் மேலிருந்து எடுத்துக்கொண்டே போக வேண்டும். குழாய்க்கும் பசைக்கும் சில நூறு ரூபாய். லகூனுக்குள் கோப்ரோவை உறையில்லாமலே இறக்கலாம், 10 மீட்டர் வரை தாங்கும். டிஜி-6, டிஜி-7 போன்ற கையடக்கக் கேமராக்கள் 15 மீட்டர் வரை போகும், அருகிலிருக்கும் பொருளை எடுப்பதில் கோப்ரோவைவிட நல்லவை. கோப்ரோ என்றால் அகலக் கோணத்தை அணைத்துவிட்டு 'லீனியர்' அமைப்பில் எடுங்கள், இல்லாவிட்டால் சதுரத்தின் ஓரங்கள் வளைந்துவிடும்.

செலவு இதில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். 20 மீட்டர் நாடா ஐந்து விரித்தால் 100 படம். ஒவ்வொரு படத்தின் மீதும் கணினி 50 புள்ளிகளைத் தூவும். ஒவ்வொரு புள்ளியின் கீழும் என்ன இருக்கிறது என்று மனிதர் சொல்ல வேண்டும்: அக்ரோபோரா, பொரைட்டஸ், பாசி, மணல், செத்த பவளம். 50 புள்ளியில் 15 உயிர்ப்பவளத்தின் மேல் விழுந்தால் அந்தப் படத்தில் 30 சதவீதம். கணக்கு எளிது. ஆனால் மொத்தம் 5,000 புள்ளி. பழகிய கைக்கே ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும், புதியவருக்கு இரண்டு மடங்கு. தண்ணீரில் ஒரு காலைப்பொழுது, மேசையில் பல மாலைப்பொழுதுகள்.

இதைக் குறைக்கக் கோரல்நெட் என்ற இலவசத் தளம் இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பிறந்தது. நீங்கள் குறித்த படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, மீதிப் படங்களில் தானே புள்ளிகளைக் குறிக்கும். ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனத்தின் ரீஃப்கிளவுடும் இதே போன்றதுதான். இரண்டிலும் ஒரு நிபந்தனை உண்டு: முதல் தொகுதிப் படங்களை நீங்களே, உங்கள் இடத்திலேயே, ஒழுங்காகக் குறித்துக் கற்பிக்க வேண்டும். வேறு கடலில் பழகிய இயந்திரம் நம் லகூனுக்கு வந்தால் வெளிறிய பவளத்தை மணல் என்றும், செத்துப் பாசி படர்ந்ததை உயிருள்ளது என்றும் சொல்லக்கூடும். அதைத் திருத்த ஆள் இல்லாவிட்டால் பிழை வேகமாகப் பெருகும்.

அப்புறம் திரும்பி வரும் விஷயம். தண்ணீருக்கடியில் ஜிபிஎஸ் வேலை செய்யாது. மேலே மிதவையில் கட்டி இழுத்தாலும் சில மீட்டர் தள்ளித்தான் காட்டும். ஒரு மீட்டர் சட்டகத்துக்கு அந்தப் பிழை மிகப் பெரியது. ஆகவே செத்த பாறையில் இரும்புக் கம்பி அடித்து இரு முனைகளையும் குறிப்பதுதான் வழி. கம்பி மேல் பாசி ஏறும், சூறாவளி சிலவற்றைப் பிடுங்கிப் போகும். ஒவ்வொரு வருகையிலும் துடைத்து, எண்ணிப் பார்த்து, போனதற்குப் பதில் அடிக்க வேண்டும். அலுப்பான வேலைதான். அதைச் செய்யாதவர்களிடம் இருப்பது வெவ்வேறு இடங்களின் அழகான படங்கள்.

அலுப்பைத் தாங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். டர்பனிலுள்ள ஓஷனோகிராஃபிக் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் 1993இல் சொத்வானாவுக்கு அப்பால் நைன் மைல் ரீஃபில் நிலையான இடங்களைக் குறித்து, அதே துண்டுகளை ஆண்டுக்கணக்காகப் படமெடுத்தது. கூடவே வெப்பமானி ஒன்றும் கடலடியில் இருந்தது. மென்பவளம் படிப்படியாகக் குறைந்ததும் கடினப் பவளம் சற்றுக் கூடியதும் அப்படித்தான் தெரியவந்தது. ஓராண்டு, ஈராண்டு படத்தில் இப்படி ஒரு மாற்றம் கண்ணில் படாது.

எப்போது இது வேண்டாம்? கிளைப்பவளம் காடாக அடர்ந்த இடத்தில் சட்டகத்தை இறக்கினால் கிளை முனைகள் முறியும். புளூ பேயின் சில பகுதிகள் அப்படித்தான். அங்கே சட்டகத்தை விட்டுவிட்டு, ஒரு குச்சியில் அளவுகோலைக் கட்டி, தொடாமல் மேலேயே மிதந்தபடி எடுக்கலாம். இன்னொரு குறை, மேலிருந்து பார்க்கும் படத்தில் மேசைபோல விரிந்த பவளத்தின் அடியில் என்ன நடக்கிறது என்பது தெரியாது.

## வீடியோ

நாடாவை விரித்துக் கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்து நீந்திக்கொண்டே போவது. தண்ணீரில் மிக வேகமான முறை இதுதான். நீரோட்டம் இழுக்கும் இடத்தில், ஆழத்தில் டைவிங் உருளையில் காற்று குறைவாக இருக்கும்போது, இதை மிஞ்ச எதுவும் இல்லை.

வீடியோ எடுத்தால் எண்ண வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எண்ணத்தான் வேண்டும். வீடியோவிலிருந்து சில விநாடிக்கு ஒரு படம் உருவி அதன் மேல்தான் புள்ளி தூவ வேண்டும். உருவும் படமோ 4கே வீடியோவில் சுமார் 8 மெகாபிக்சல், அதுவும் நீந்தும் வேகத்தில் மங்கலாக. வகை கண்டுபிடிப்பதில் சட்டகப் படத்துக்கு ஈடாகாது. விநாடிக்கு 100 மெகாபிட் தரத்தில் ஒரு நிமிட வீடியோ சுமார் 750 மெகாபைட் பிடிக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். மாணவியின் வழிகாட்டி சொல்வது தவறில்லை. ஆய்வேட்டின் தலைப்பு பெரிய பிரிவுகளோடு நின்றுவிட்டால், அதாவது உயிர்ப்பவளம், பாசி, மணல் என்று மட்டும் பிரித்தால், வீடியோ போதும். இனவாரியாகப் போனால் போதாது.

மீன்களுக்கு வீடியோ வேறு விதத்தில் உதவும். இரைப்பெட்டி கட்டிய கேமராவைக் கடலடியில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுக்கும் முறை ஒன்று உண்டு. அது மீன் கணக்குக்கு. பவளக் கண்காணிப்பு என்ற பெயரில் அதை வாங்கிவிடாதீர்கள்.

## முப்பரிமாண மாதிரி

டைவிங் தம்பிக்கு ஆசை வந்ததில் வியப்பில்லை. போட்டோகிராமெட்ரி என்ற இந்த முறையில், ஒன்றோடொன்று முக்கால்வாசி மேற்பொருந்தும் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான படங்களைக் கணினி கோத்து, மேடு பள்ளத்தோடு கடலடியையே திரும்பக் கட்டிக்கொடுக்கும். ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் 'நூறு தீவுகள்' ஆய்வில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் பரப்பை ஆயிரக்கணக்கான படங்களாக எடுக்கிறார்கள். உழவன் ஏர் ஓட்டுவதுபோல முன்னும் பின்னும் ஒரு முறை, பிறகு குறுக்கே ஒரு முறை.

கிடைப்பது உண்மையிலேயே வேறு தரம். ஒவ்வொரு பவளத்தின் பரப்பை அளக்கலாம். கடலடியின் கரடுமுரடை, முன்பெல்லாம் சங்கிலியைப் படியவிட்டு அளந்ததை, மாதிரியிலிருந்தே கணக்கிடலாம். அடுத்த ஆண்டு மாதிரியை இதன்மேல் பொருத்தினால் எது வளர்ந்தது, எது உடைந்தது, எது காணாமல் போனது என்று தனித்தனியாகத் தெரியும். பவளம் நடும் திட்டங்களுக்கு இது மிகவும் ஏற்றது. இங்கே மொரீஷியஸ் கடலியல் நிறுவனம் முதல் கரையோர விடுதிகள் வரை பலரும் பவளம் நடுகிறார்கள். 'இத்தனை கிளை நட்டோம்' என்பதோடு நிற்காமல் எத்தனை பிழைத்தது என்று சொல்ல இதுவே நேரான வழி.

இனி விலை. பலரும் பயன்படுத்தும் மெட்டாஷேப் மென்பொருளின் சாதாரணப் பதிப்பு 179 டாலர் அளவில் விற்கப்படுகிறது. வரைபட அளவீடுகளைச் செய்யும் உயர் பதிப்பு அதைப்போலப் பல மடங்கு. இலவசமாக மெஷ்ரூம் இருக்கிறது, பொறுமை வேண்டும். தனி கிராஃபிக்ஸ் அட்டையும் நிறைய நினைவகமும் உள்ள கணினி இல்லாமல் தொடங்க வேண்டாம். ஒரு சிறு மாதிரிக்கே இரவு முழுக்க ஓடும். அந்தக் கணினியின் விலை உங்கள் கேமராவின் விலையைத் தாண்டும் என்பதுதான் இதில் ஒளிந்திருக்கும் முதல் செலவு. இரண்டாவது, மாதிரி வந்த பிறகு அதில் பவளங்களை ஒவ்வொன்றாக எல்லை வரைந்து குறிக்கும் வேலை. டேக்லேப் என்ற இலவசக் கருவி இதற்கு உதவும், ஆனாலும் மனிதர் உட்காரத்தான் வேண்டும். சுழலும் படத்தைப் பார்த்து மகிழ்வதோடு நின்றுவிட்ட குழுக்கள் நிறைய. அது விளம்பரத்துக்கு நல்லது, கண்காணிப்பு ஆகாது.

நம் லகூனுக்கென்றே இரண்டு தடைகள். ஆழம் குறைந்த தெளிந்த நீரில் உச்சி வெயில் விழுந்தால், அலையின் ஒளிவலை கடலடியில் நெளிந்துகொண்டே இருக்கும். கணினி அதைக் கடலடியின் கோலம் என்று எண்ணிக் குழம்பும். மேகமூட்டமான நாளில், அல்லது காலையில் சூரியன் தாழ்ந்திருக்கும்போது எடுப்பதே வழி. இன்னொன்று, அலையில் ஆடும் மென்பவளமும் கடல்புல்லும் பாசியும் படத்துக்குப் படம் இடம் மாறும், அந்த இடங்களில் மாதிரி உடைந்து வரும். கிளைப்பவளக் காட்டின் உட்புறமும் சரியாக வராது. ஃபிளிக்-என்-ஃபிளாக் பக்கம் திட்டுக்கு வெளியே, ஒளிவலை எட்டாத ஆழத்தில், உருண்டையான பவளங்களுக்கு இது நன்றாக வரும். தம்பி, உங்கள் இடம் இதற்குப் பொருத்தம்தான். ஆனால் 10 மீட்டர் சதுரத்தில் தொடங்காதீர்கள். மூன்று மீட்டர் சதுரம் போதும், நான்கு மூலையிலும் அளவுகோல் வைத்து.

## டிரோன்

மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் என்ற மயக்கம் நம் தீவில் கூடுதலாகவே உண்டு. லெ மோர்ன் முனையில் கடலுக்கடியில் அருவி விழுவதுபோல் தெரியும் அந்தப் புகழ்பெற்ற வான்படம்தான் காரணமோ என்னவோ. அங்கே விழுவது தண்ணீர் இல்லை. மணலும் வண்டலும் சரியும் தடமும், ஆழம் திடீரென்று கூடுவதால் மாறும் நிறமும் சேர்ந்து காட்டும் தோற்றம். வான்படத்தில் இருண்ட திட்டு ஒன்று தெரிந்தால் அது பவளமா, கடல்புல்லா, பாசியா என்று மேலிருந்து மட்டும் சொல்வதும் ஏறக்குறைய அதே சிக்கல். யாராவது இறங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனாலும் ஆழம் குறைந்த லகூனில் ஒரு காலைப்பொழுதில் பல ஹெக்டேர் வரைபடம் போட வேறு எதுவும் இல்லை. காற்று அடங்கிய காலை, சூரியன் தாழ்ந்த நேரம், இரண்டும் சேர்ந்தால்தான் பளபளப்பும் சிற்றலையும் இல்லாமல் அடித்தளம் தெரியும். தென்கிழக்குக் காற்று மாதங்களில் கிழக்குக் கரையில் அந்த நாட்கள் அரிது. மஹேபூர் நண்பர்களுக்கு இன்னொரு விஷயம்: புளூ பே விமான நிலையத்துக்கு மிக அருகில் இருக்கிறது. சிவில் விமானத் துறையிடம் கேட்காமல் அங்கே டிரோன் எழுப்பக் கூடாது. அனுமதிக் கடிதம் வரும் வேகத்தைப் பொறுத்து உங்கள் முதல் கோடை போய்விடலாம்.

## செயற்கைக்கோள், கடலடி இயந்திரம்

செயற்கைக்கோளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நீங்கள் எடுக்க வேண்டியது எதுவும் இல்லை, பயன்படுத்தினால் போதும். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் இலவசம். ஒரே இடத்துக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும். அதன் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். மேலே சொன்ன ஸ்கிரிப்ஸ் ஆய்வில் ஆயிரக்கணக்கான படமெடுத்த பரப்பு முழுவதும் இங்கே ஒற்றைப் புள்ளி! 2021இல் உலகம் முழுவதற்கும் முடிக்கப்பட்ட ஆலன் கோரல் அட்லஸ் இதைவிட நுணுக்கமானது, நம் தீவும் அதில் உண்டு. எங்கே நாடா விரிப்பது என்று முடிவெடுக்க அது போதும்.

அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா நடத்தும் கோரல் ரீஃப் வாட்ச்தான் உண்மையில் தினமும் பார்க்க வேண்டியது. கடல்நீர் வழக்கத்தைவிட எவ்வளவு சூடாக, எத்தனை வாரம் இருந்தது என்று கூட்டிச் சொல்லும் எண் அதில் உண்டு. அது 4ஐத் தொட்டால் குறிப்பிடத்தக்க வெளிறலை எதிர்பார்க்கலாம், 8ஐத் தாண்டினால் பரவலான வெளிறலும் சாவும். அந்த எண் ஏறத் தொடங்கும்போது கேமராவோடு இறங்கினால் சரியான நேரத்தில் இருப்பீர்கள்.

கயிற்றில் கட்டி இறக்கும் கடலடி இயந்திரங்கள் 100 மீட்டரும் அதற்கு மேலும் போகும், விலை சில ஆயிரம் டாலர். மனிதர் டைவ் செய்ய முடியாத ஆழத்தில் வேலை இருந்தால் வாங்கலாம். லகூனுக்கு அது வேண்டாத செலவு.

## யாருக்கு எது

டைவிங் தம்பிக்கு: இரண்டு மூன்று சிறு சதுரங்களில் முப்பரிமாண மாதிரி, ஆண்டுக்கு ஒரு முறை. தண்ணீரில் உங்களுக்கு நேரத் தட்டுப்பாடு இல்லை, மேசையில்தான். குறிக்கும் வேலைக்குப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்கும் ஆய்வேடு கிடைக்கும். அதே வாரத்தில் பக்கத்தில் ஒரு நாடா விரித்துச் சட்டகப் படமும் எடுத்து வையுங்கள். பத்தாண்டு கழித்து மென்பொருள் மாறியிருக்கும், சதுரப் படத்தை அப்போதும் யாராலும் படிக்க முடியும்.

மாணவிக்கு: ஒரே ஆண்டில் முடிக்க வேண்டும் என்றால் கம்பி அடித்து மாற்றத்துக்காகக் காத்திருக்க முடியாது. எனவே காலத்தை விட்டு இடத்தை ஒப்பிடுங்கள். மேற்குக் கரையில் இரண்டு, கிழக்கில் இரண்டு என்று இடம் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஆங்காங்கே குலுக்கல் முறையில் சட்டகம் வையுங்கள். சீனியர் அக்கா பக்கம்தான் நான். வழிகாட்டியிடம் வாதாட வேண்டாம், நாடா மேல் வீடியோவும் ஒரு ஓட்டம் எடுத்துவிடுங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதே ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் ஆகும். ஆல்பியனில் இருக்கும் மீன்வள ஆய்வு மையத்தையும் ஒரு முறை அணுகிப் பாருங்கள். அவர்கள் ஆண்டுக்கணக்காகப் பவளத்தைக் கவனித்து வருகிறார்கள், அவர்களுடைய இடங்களோடு உங்களுடையது ஒத்திருந்தால் ஒப்பிட வசதி.

மஹேபூர் இளைஞர் அணிக்கு: நிலையான சட்டகப் படமும் நிற அட்டையும். உங்கள் கரையில் இதற்கான காரணத்தை விளக்கத் தேவையில்லை. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னிக்கு அப்பால் திட்டில் ஏறியது, ஆகஸ்ட் தொடக்கத்தில் சுமார் 1,000 டன் எண்ணெய் லகூனில் கொட்டியது. அப்படி ஒன்று நடந்த பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் 'முந்தைய நிலை' என்று ஒரு படம் எடுக்க முடியாது. சாதாரண நாளில், சாதாரண கேமராவில், அடையாளக் கம்பிக்குப் பக்கத்தில் எடுத்த படம்தான் அன்றைக்குப் பேசும்.

ஆண்டுக்கு இரண்டு சுற்று வையுங்கள். ஒன்று அக்டோபரில், நீர் சூடேறும் முன். இன்னொன்று மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரலில், வெளிறல் முழுதாகத் தெரியும்போது. நடுவில் தைப்பூசம் வரும். காவடி விரத நாட்களில் அணியில் பாதிப் பேரைக் கடலுக்குக் கூப்பிட முடியாது. அது சூறாவளிக் காலமும்தான் என்பதால் பெரிய நஷ்டமில்லை. அந்த வாரங்களை அக்டோபர் படங்களில் புள்ளி குறிக்க வைத்துக்கொள்ளுங்கள். கோவில் மடத்தில் ஒரு மேசையும் இணைய இணைப்பும் இருந்தால் போதும், வீட்டில் தனியாக உட்காருவதைவிட நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பிழையும் குறையும். இருவர் ஒரே பத்துப் படத்தைத் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட்டுப் பாருங்கள், யார் எதைப் பாசி என்று நினைக்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.

கேமராவை அடிக்கடி மாற்ற வேண்டாம், மாற்றினாலும் சட்டகத்தின் உயரத்தை மாற்ற வேண்டாம். படங்களுக்குத் தேதி, இடம், நாடா எண் என்று அன்றைக்கே பெயர் வையுங்கள். டிரோனுக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி ஒன்றை வேறொருவர் வீட்டில் வையுங்கள். மீதியைப் பிரோக் என்ற மீன்பிடிப் படகின் எரிபொருளுக்கும், கூட வரும் மீனவருக்குக் கூலிக்கும் எடுத்து வைத்தால் அடுத்த சில சுற்றுகளுக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியிருக்காது.